ஷட்டரில் மிச்சம் இருப்பது

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டுடியோ அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

அப்பா. முப்பத்தொரு வருடமாக அந்த அறையில் ஆட்களை ஸ்டூலில் உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னவர்.

அம்மா. கையில் வேலை இல்லாமல் அந்த அறைக்குள் நுழையாதவள். அன்று வெறுங்கையோடு வந்து சுவரோரம் நின்றாள்.

பெரியவன். காப்பீட்டு சர்வேயர். விபத்தில் நசுங்கிய கார்களைச் சுற்றிவந்து, இது இவ்வளவுதான் பெறும் என்று எழுதிக்கொடுப்பது அவன் தொழில்.

சின்னவள். அவனுக்குத் தங்கை, முப்பது வயது. மருந்துக் கிடங்கு வேலையை விட்டு நான்கு மாதம். அதற்கு மேல் அவளைப் பற்றிச் சொல்ல அன்று காலைவரை ஒன்றும் இல்லை.

லென்ஸ்காரர். பழைய கேமரா வாங்கி விற்பவர். பேசுவதற்கு முன் ஊதுவார். எதை எடுத்தாலும் ஒரு தடவை ஊதித் தூசி தட்டிவிட்டுத்தான் விலை சொல்வார்.

மேஜைமேல் இரண்டு கேமராக்கள். அவற்றையும் ஆள் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த வீட்டில் முதலில் சாப்பிட்டது அவைதான்.

எல்லோரும் கூடியதற்குக் காரணம் சின்னவளின் வாய். ஸ்டுடியோவை மூடி அறையை ஃபோன் ரிப்பேர் கடைக்கு வாடகைக்கு விடப்போவதாகப் பெரியவன் போன வாரம் அறிவித்தான். "நான் நடத்துறேன், என்கிட்ட விடு" என்றாள் சின்னவள். "இந்தத் தொழில் பணத்தைத் தின்னும். நான் வாங்கிக்கொடுத்த கேமரா பாதி விலைக்காவது போகுமா, சொல்லு?" என்றான். "போகும்" என்று ரோஷத்தில் சொல்லிவிட்டாள். போனால் சாவி அவளுக்கு. போகாவிட்டால் ஃபோன் கடைக்கு.

அந்தக் கேமராவின் விலை எண்பத்தைந்தாயிரம். வாங்கி ஏழு வருடம். பாதி என்றால் நாற்பத்திரண்டரை.

லென்ஸ்காரர் முதலில் அப்பாவின் ஃபிலிம் கேமராவை எடுத்தார். ஊதினார். காதருகே வைத்து ஷட்டரைத் தட்டிக் கேட்டார்.

"எவ்வளவுக்கு வாங்கினீங்க ஐயா?"

"பதினோராயிரம். அப்பல்லாம் அந்தக் காசுக்கு நல்ல ஸ்கூட்டரே வாங்கலாம்."

"ஒன்பது தர்றேன்."

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டியாடா? முப்பத்தொரு வருஷம். ரெண்டாயிரம்தான் குறைஞ்சிருக்கு!"

"இதுல புதுசு யாரும் செய்யறதில்ல ஐயா. புதுசு வராததால இது பழசாகவும் ஆகல. ஆசைக்கு வாங்கி வெச்சுக்கற ஆளுங்க இருக்காங்க."

அடுத்து டிஜிட்டல் கேமரா. அதன் தோல் உறையில் இன்னும் கடை வாசனை அடித்தது. லென்ஸ்காரர் ஊதினார். ஊதித் தள்ள அதில் தூசியே இல்லை.

"பதினாலு."

"பதினாலாயிரமா?" என்றாள் சின்னவள். "கீறல்கூட இல்லாம புதுசு மாதிரி இருக்கேங்க."

"மாதிரிதாம்மா. இதுக்கப்புறம் நாலு மாடல் வந்தாச்சு. ஒவ்வொண்ணு வரும்போதும் இது ஒரு படி இறங்கும். நீங்க பெட்டியைத் திறக்கலேன்னாலும் இறங்கும்."

"தேய்மானம்" என்றான் பெரியவன். ஜெயித்த குரல் இல்லை. அது அவனுக்குத் தினமும் வாயில் வரும் சொல். "ஏழு வருஷத்துல எழுபத்தோராயிரம் போச்சு. நான் சொன்னா யார் கேட்டீங்க?"

"என் கேமராப் பெட்டி அப்படி இல்ல" என்றார் அப்பா.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"உங்க பெட்டி விலை இறங்கலைங்க. அது தின்ன தீனியை யார் கணக்குப் பார்த்தா? பரண் மேல காலி ஃபிலிம் ரோல் டப்பா ரெண்டு மூட்டை கிடக்கு. பட்டன் போட்டேன், ஊசி போட்டேன், திருகாணி போட்டேன். அதுக்கப்புறம் போடறதுக்கு வீட்ல சாமான் இல்ல."

"ரோல் மொத்தம் ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பது" என்றார் அப்பா, கேட்காமலே. நோட்டில் எழுதாமல் அவர் எதையும் செய்ததில்லை.

பெரியவன் கைப்பேசியில் தட்டினான். "கழுவுற மருந்தோட சேர்த்து ரோலுக்கு நூறுன்னு வெச்சாலும் ரெண்டே கால் லட்சத்துக்கு மேல போகுது. ஆகமொத்தம் அதுவும் தின்னுச்சு, இதுவும் தின்னுச்சு. மூடிடலாம்ங்கறேன்."

"கொஞ்சம் இருங்க" என்றார் லென்ஸ்காரர். பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துக் கேமராவைத் தன் மடிக்கணினியில் இணைத்தார். "ஷட்டர் கவுன்ட் பார்த்துடறேன். இது எத்தனை தடவை க்ளிக் ஆயிருக்குன்னு உள்ளேயே எழுதி வெச்சிருக்கும். கார்ல கிலோமீட்டர் மாதிரி."

திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சார், மீட்டரைத் திருப்பிட்டீங்களா?"

பெரியவன் எழுந்துவிட்டான். மீட்டர் திருப்பிய வண்டிகளைப் பிடித்துக்கொடுத்துச் சம்பளம் வாங்குபவன் அவன். "யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க?"

"கோவிச்சுக்காதீங்க. ஏழு வருஷம் கடையில ஓடின கேமரான்னு சொல்றீங்க. ஆறாயிரத்து இருநூத்துப் பன்னிரண்டுதான் காட்டுது. ஒரு கல்யாணத்துக்கே மூவாயிரம் தட்டுவாங்க. நீங்க ரெண்டு கல்யாணம் எடுத்த மாதிரி இருக்கு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா மேஜை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தார். பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. தேதி, ஆள், க்ளிக் என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தியில் மேலிருந்து கீழே ஒன்று, ஒன்று, ஒன்று. எப்போதாவது ஒரு இரண்டு. இரண்டு வந்த இடத்தில் பக்கத்தில் சிவப்பு மையில் காரணம்: தும்மினார்.

"ஆளுக்கு ஒரு க்ளிக்" என்றார். "எதுக்கு வீணாக்கறது?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். "அப்பா, இதுல ஃபிலிம் இல்லப்பா. நூறு எடுத்தாலும் காசு இல்ல."

"காசு இல்லன்னா தேயாதா? என் மகன் சம்பளத்துல வாங்கிக்கொடுத்தது. கண்டபடி தட்டி ஒடைக்கச் சொல்றியா?"

பெரியவன் உட்கார்ந்தான். ஏழு வருடத்துக்கு முன், முதல் பதவி உயர்வில் வந்த பணம் அது. அப்பாவுக்கு அந்தக் கேமரா பிடிக்கவில்லை, அதனால்தான் தொடுவதில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. நோட்டை இழுத்துக் கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான் இருந்தது.

"ஆறாயிரத்து நூத்து எழுபத்தாறுன்னு போட்டிருக்கீங்க. கேமரா ஆறாயிரத்து இருநூத்துப் பன்னிரண்டுங்குது. முப்பத்தாறு இடிக்குதே."

"கூட்டறதுல விட்டுப்போயிருக்கும்."

"உங்களுக்கா?" என்றாள் அம்மா.

அப்பா நோட்டை வாங்கி மூடினார்.

லென்ஸ்காரர் கம்பியைச் சுருட்டினார். "இவ்வளவு கம்மியா ஓடினதால ரெண்டு கூட்டித் தர்றேன். பதினாறு. அதுக்கு மேல முடியாது. உள்ள எவ்வளவு தேஞ்சிருக்குன்னு வாங்கறவன் பார்க்க மாட்டான். மாடல் பேரைத்தான் பார்ப்பான். ஒண்ணரை லட்சம் க்ளிக் தாங்கும்னு செஞ்ச ஷட்டர் இது. ஐயா அதுல நாலு சதவீதம் எடுத்திருக்கார். நாலு மணிக்குப் பணத்தோட வர்றேன். யோசிச்சு வையுங்க."

அவர் போனபிறகு பெரியவன் தங்கையைப் பார்த்தான். "பாதி வேணும்னு பேசினோம். பாதியில பாதிகூட வரல."

"தெரியும். தோத்துட்டேன்" என்றாள் சின்னவள். "நாலு மணி வரைக்கும் சாவி இங்கேயே இருக்கட்டும். ரெண்டு மணிக்கு ஒருத்தர் படம் எடுக்க வர்றார்."

"யாரு?"

"கண்சிமிட்டி."

அம்மா தலையில் கைவைத்தாள்.

கண்சிமிட்டி பேருந்துப் பணிமனையில் நடத்துனர். பெயர் வைத்தது பணிமனை, காரணம் அப்பா. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய அடையாள அட்டைக்கு அப்பா ஒரு க்ளிக் எடுத்தார். கண் மூடியிருந்தது. பெரிய மனது செய்து இன்னொன்று எடுத்தார். அதிலும் மூடியிருந்தது. "உங்க முகமே அப்படித்தான்" என்று பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டார். மூன்று வருடமாக அந்த மனிதர் தூங்கிக்கொண்டே டிக்கெட் கொடுப்பவராகக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறார்.

இப்போது பணிமனையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் புது அட்டை. சின்னவள் வியாழக்கிழமை போய் அதிகாரியிடம் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "முதல்ல அந்த ஆளோட கண்ணைத் திறந்து காட்டும்மா. மத்த ஆளுங்களைத் திங்கட்கிழமையிலேருந்து அனுப்பறேன்" என்றார்.

இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. இப்போது சொன்னாள்.

"அவனுக்குக் கண்ணு திறக்காது" என்றார் அப்பா. "நான் எடுத்துப் பார்த்தவன்."

"ரெண்டே ரெண்டு எடுத்துப் பார்த்தவர்" என்றாள் சின்னவள்.

இரண்டு மணிக்குக் கண்சிமிட்டி வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இவரா எடுக்கறாரு?"

"நான்தாங்க எடுக்கறேன். அவர் சும்மா உட்கார்ந்திருப்பார்."

அப்பா சும்மா உட்காரவில்லை. சின்னவள் முதல் க்ளிக்கை அழுத்தினாள். மூடியிருந்தது. "ஒண்ணு" என்றார் அப்பா. இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் மூடியிருந்தது. வெளிச்சம் அடிக்கும் முன்பே அந்த மனிதரின் இமை எப்படியோ தெரிந்துகொண்டு இறங்கியது.

"ஒம்போது" என்றார் அப்பா.

"பயப்படாதீங்க, கேமராவைப் பார்க்காதீங்க, சுவத்துல அந்த ஆணியைப் பாருங்க" என்றாள் சின்னவள்.

ஆணியைப் பார்த்தார். மூடிக்கொண்டே பார்த்தார்.

"பதினாலு. பதினஞ்சு. ஏம்மா, அது மெஷினா என்னன்னு நினைச்சே?"

"மெஷின்தான்பா."

பெரியவன் கதவோரம் கைகட்டி நின்றான். பதினெட்டில் அம்மா உள்ளே வந்து நின்றாள். இருபத்திரண்டில் கண்சிமிட்டிக்கு வியர்த்தது. "விடுங்கம்மா. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன். ரிட்டயர் ஆக ஆறு வருஷம்தான்."

"நீங்க இருப்பீங்க. நான் இருக்க முடியாது. உட்காருங்க."

இருபத்தைந்து. இருபத்தாறு.

இருபத்தேழாவது க்ளிக்குக்கு அவள் விரல் இறங்கியபோது அப்பாவால் தாங்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, "போதும்!" என்று கத்தினார். முப்பத்தொரு வருடத்தில் அந்த அறையில் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

கண்சிமிட்டியின் இரண்டு கண்களும் திறந்துகொண்டன.

திரையில் பார்த்தால் பேயைக் கண்டவர் மாதிரி இருந்தது. அட்டையில் போட முடியாது. ஆனால் கண் திறந்திருந்தது. அவரே எட்டிப் பார்த்து, "ஐய, இது நானா?" என்று சிரித்தார். சிரிப்பில் கண் மறுபடி காணாமல் போயிற்று. சின்னவள் விரலை எடுக்கவில்லை. சிரித்து முடித்து, மூச்சை விட்டு, ஒரு கணம் எதையும் நினைக்காமல் அவர் நிமிர்ந்தார்.

முப்பத்தொன்று.

அதில் ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டு, கொஞ்சம் நிம்மதியாக, நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கண் பழுப்பு நிறம். பணிமனையில் ஒருத்தருக்கும் அது தெரிந்திருக்காது.

சின்னவள் அதை அங்கேயே பணிமனை அதிகாரிக்கு அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "திங்கள் ஒன்பது மணி. முதலில் நாற்பது பேர்."

கண்சிமிட்டி போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல சத்தம் போட்டீங்க சார்."

நாலு மணிக்கு இன்னும் அரைமணி இருந்தது. சின்னவள் அப்பாவின் நோட்டில் கடைசித் தாளைத் திருப்பி எழுதினாள்.

"அண்ணா, இதைப் பாரு. வாங்கினது எண்பத்தஞ்சு. இன்னிக்குப் பதினாறு. போனது அறுபத்தொன்பதாயிரம். அதை ஆறாயிரத்து இருநூத்துப் பன்னிரண்டால வகுத்தா, ஒரு க்ளிக்குக்குப் பதினொண்ணு."

"சரி."

"ஃபிலிம்ல ரோலுக்கு முப்பத்தாறு படம். நூறுன்னு நீ சொன்ன கணக்குல ஒரு க்ளிக் மூணுக்குள்ள வருது."

"அது அந்தக் காலத்து நூறு."

"இரட்டிப்பாவே வெச்சுக்கோ. ஆறு. அப்பவும் இது பதினொண்ணு. ஃபிலிம்ல மிச்சம் பிடிச்சா காசு மிச்சம். இதுல மிச்சம் பிடிச்சதாலதான் செலவு."

அப்பா சுவரைப் பார்த்தார். அந்த ஆணியை.

"யார்மேலயும் தப்பு சொல்லலப்பா" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு, அது பொய் என்று தோன்றவே திருத்தினாள். "கொஞ்சம் உங்க தப்புதான். ஆனா விழ வேண்டிய விலையெல்லாம் அண்ணன் காசுல விழுந்தாச்சு. இனிமே விழறதுக்கு இதுல பெரிசா ஒண்ணும் இல்ல. லென்ஸ்காரர் பதினாறு தர்றேங்கறார் இல்ல? நான் தர்றேன் பதினாறு. அண்ணா, கேமராவை எனக்கு வித்துடு. இன்னும் ஒரு லட்சத்து நாப்பத்து மூவாயிரத்துச் சொச்சம் க்ளிக் உள்ள இருக்கு. அத்தனையும் எடுத்தேன்னா ஒரு க்ளிக் பதினோரு காசு."

பெரியவன் தாளை வாங்கி மூன்று தடவை பார்த்தான். கணக்கில் ஓட்டை தேடினான். அதுதான் அவன் தொழில். கிடைக்கவில்லை.

"நான் ஒண்ணுக்கும் உதவாதுன்னு எழுதித் தள்ளின வண்டிங்க எத்தனை இன்னும் ரோட்ல ஓடுதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்றான் மெதுவாக. "மெக்கானிக்குங்கதான் வாங்குவானுங்க. புதுசு வாங்கினவன் அழுவான். இவன் பத்து வருஷம் ஓட்டுவான்."

"அப்ப நான் மெக்கானிக்."

"உன்கிட்ட பதினாறு இருக்கா?"

"ஏழு இருக்கு."

அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் யாரோ ஊதும் சத்தம் கேட்டது. லென்ஸ்காரர் கதவுக் கைப்பிடியிலிருந்த தூசியை ஊதிக்கொண்டு நின்றார்.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

அப்பா எழுந்தார். மேஜையிலிருந்த ஃபிலிம் கேமராவை எடுத்துப் பின்கதவைத் திறந்து, உள்ளே ரோல் இல்லை என்று பார்த்து, மூடி, லென்ஸ்காரர் கையில் கொடுத்தார்.

"இதை எடுத்துக்கிட்டுப் போங்க. ஒன்பது சொன்னீங்க."

"அப்பா, அது வேணாம்பா" என்றாள் சின்னவள்.

"ஏன் வேணாம்? ரோல் வாங்கி அதுக்குத் தீனி போட என்கிட்ட தெம்பு இல்ல. வெலை நிக்கும்போதே விக்கணும். இதை உங்கண்ணன்கிட்ட கேட்டுக்கோ."

லென்ஸ்காரர் எண்ணிக் கொடுத்தார். அப்பா எண்ணாமல் சின்னவளிடம் கொடுத்தார். அவர் பணத்தை எண்ணாமல் கைமாற்றி அம்மா பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஏழும் ஒன்பதும் பதினாறு. அவன்கிட்ட குடு. ஓசியில வாங்காதே. ஓசியில வந்ததைத்தான் நான் பூட்டி வெச்சேன்."

பெரியவன் பதினாறாயிரத்தையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தங்கை சண்டைக்கு வந்திருப்பாள். சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"மூணு மாசம். ஃபோன் கடைக்காரன் தர்றேன்னு சொன்ன வாடகையை நீ எனக்குத் தரணும்."

"தர்றேன். நாளைக்கு வந்து லைட் ஸ்டாண்டைத் தூக்கிக் குடு. அதுக்குக் கூலி கிடையாது."

"பார்த்தியாம்மா? முதலாளி ஆயிட்டா."

அவன் லென்ஸ்காரரோடு பேசிக்கொண்டே வெளியேறினான். அம்மா ஸ்டூலைத் துணியால் துடைத்து நேராக்கிவிட்டு, "நாப்பது பேர் உட்காருவாங்க. ஒரு கால் ஆடுது பாரு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அப்பா மட்டும் நின்றார். பச்சை நோட்டு அவர் கக்கத்தில் இருந்தது.

"திங்கட்கிழமை நான் வரட்டுமா?"

"வராதீங்கப்பா. நாப்பது பேருக்கு நான் நானூறு எடுப்பேன். உங்களுக்கு நெஞ்சு வலிக்கும்."

"இப்பவே வலிக்குது" என்றார். கதவை நோக்கி நடந்தார்.

"அப்பா. அந்த முப்பத்தாறு?"

நின்றார். திரும்பவில்லை.

"கூட்டறதுல நீங்க விட மாட்டீங்க. முப்பத்தாறுன்னா ஒரு ரோல். அப்படி ரோல் கணக்குல எண்ணி எடுக்கற ஆள் இந்த வீட்ல நீங்க ஒருத்தர்தான். ஆளுக்கு ஒண்ணுன்னு எடுத்தவர், யாருக்குப்பா முப்பத்தாறு எடுத்தீங்க?"

அப்பா நோட்டை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார்.

"கேமரா உன்னோடது. அதுல எனக்குப் பேச்சு இல்ல" என்றார். பிறகு, அறையை ஒரு தடவை கண்ணால் சுற்றிவிட்டு, "அழிக்கல. கார்டு இங்கதான் இருக்கு. கண்டுபிடிச்சா உங்கம்மாகிட்ட மட்டும் காட்டாதே. அவ இங்க வேலை பார்க்கறப்ப அவளுக்குத் தெரியாம எடுத்தது" என்றார்.

படியிறங்கும் அவர் செருப்புச் சத்தம் தெருவில் கலக்கும்வரை சின்னவள் பொறுத்தாள். பிறகு அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, தன்னுடையதாகிவிட்ட சாவியை உள்பக்கம் நுழைத்து, இரண்டு சுற்று பூட்டினாள்.